பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன்: கடை முதலாளிகளுக்கான தொழிலாளர் சட்ட வழிகாட்டி

"எங்கிட்ட ஏழு பேர்தான் சார் வேலை பார்க்குறாங்க."

மதுரையில் கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் தொழில். புதிதாக வரும் முதலாளிகள் முதல் நாள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பில் போட இரண்டு பேர், விற்பனைக்கு நாலு பேர், கொடவுனில் ஒருவர். பேசிக்கொண்டிருக்கும்போதே டீ வரும். கொண்டுவந்த பெரியவர் யார் என்று கேட்பேன். "அவரு சும்மா சார், காலையில கடையைத் தொறந்து பெருக்கிட்டு, டீ வாங்கிக் கொடுப்பாரு. மாசம் ஏழாயிரம்." டெலிவரி வண்டி ஓட்டுபவர்? "அவரு தினக்கூலி." வாசலில் நிற்கும் காவலர்? "அது ஏஜென்சி ஆளு, நம்ம கணக்கு இல்ல."

ஏழு பேர் அங்கேயே பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். தொழிலாளர் சட்டத்தில் பத்து என்பது சாதாரண எண் இல்லை.

முதல் வேலை: தலையை எண்ணுங்கள்

வேறு எதையும் செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். நிரந்தரம், தினக்கூலி, பகுதி நேரம், ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர் என்று பிரிக்க வேண்டாம். மச்சான் மகன் சம்பளம் வாங்கினால் அவனும் கணக்கில் உண்டு. நீங்களும், கூட்டு வியாபாரம் என்றால் உங்கள் பங்குதாரரும் சேர மாட்டீர்கள். சொந்தக்காரர் என்பதால் யாரும் விடுபடுவதில்லை.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே ஒருவர் இருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், வார விடுமுறை பற்றிய விதிகள் பொருந்தும். 10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பணிக்கொடை (கிராஜுவிட்டி), மகப்பேறு சலுகை, பாலியல் தொல்லை புகாருக்கான உள்ளகக் குழு ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். 20 ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), போனஸ்.

எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி: "ஒம்பது பேரோட நிறுத்திக்கிட்டா?" நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தீபாவளிக்கு மூன்று பேரை ஒரு மாதம் கூடுதலாக வைத்துவிட்டு, "அது சீசன்தானே" என்று விட்டுவிட முடியாது. ஒருமுறை எண்ணிக்கை எல்லையைத் தொட்டு இ.எஸ்.ஐ.யோ பி.எஃப்.போ பொருந்திவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் அந்தக் கடமை தொடரும். ஒன்பதுக்குள் நிற்பவர்கள் தப்பித்துவிட்டதாக நினைப்பதும் சரியில்லை. அதை விபத்து பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எந்தச் சட்டம் என்ற குழப்பம்

பழைய கையேடுகளில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948, போனஸ் சட்டம் 1965, பணிக்கொடைச் சட்டம் 1972 என்று நீளமான பட்டியல் இருக்கும். இப்படி 29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கி, ஊதியம், சமூகப் பாதுகாப்பு, தொழில் உறவுகள், பணியிடப் பாதுகாப்பு என நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் பழையது எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 மாநிலச் சட்டம். அது அப்படியே இருக்கிறது. கடைக்காரருக்கு அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் அதுதான். தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958, தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1972 ஆகியவையும் மாநிலத்தினுடையவை.

பதிவு

10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், கடைகள் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இது 2024 ஜூலையில் நடப்புக்கு வந்தது. "ஜி.எஸ்.டி. இருக்கு, மாநகராட்சி லைசென்ஸ் இருக்கு, போதாதா?" என்பார்கள். போதாது. அவை வேறு துறைகள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கு ஷ்ரம் சுவிதா என்ற மத்திய அரசு இணையதளம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கினால், தொடங்கும்போதே இந்த இரண்டு எண்களும் தானாக வந்துவிடும். ஆள் சேராத வரை கட்ட வேண்டியது இல்லை. ஆனால் வந்த எண்ணை மறந்துவிட்டு, பிறகு இன்னொரு எண் வாங்கி, இரண்டு கணக்காகிப்போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் சேர்க்கும் நாள்

நம் ஊரில் வேலைக்குச் சேர்வது பேச்சில்தான் நடக்கும். "நாளைக்கு வந்துரு, முதல்ல பன்னெண்டாயிரம் தர்றேன், அப்புறம் பார்க்கலாம்." இந்த 'அப்புறம் பார்க்கலாம்'தான் பின்னால் வழக்காகிறது. புதிய சட்டத் தொகுப்பின்படி நியமனக் கடிதம் கட்டாயம். ஒரு பக்கம் போதும்: பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம் எப்படிப் பிரிகிறது, வேலை நேரம், வார விடுமுறை, விலகுவதற்கான முன்னறிவிப்பு. தமிழிலேயே எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவரிடமே கொடுங்கள். கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து. பிறந்த தேதி காட்டும் ஆவண நகல், வங்கிக் கணக்கு எண், வாரிசு பெயர் மூன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

வயதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்தால் ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "அவங்க அம்மாவே கொண்டுவந்து விட்டாங்க" என்பது அங்கே எடுபடாது. 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது.

இன்னொரு பழக்கத்தை விட்டேயாக வேண்டும். ஆள் ஓடிவிடக் கூடாது என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையோ ஆதார் அட்டையையோ வாங்கிக் கல்லாவில் பூட்டி வைப்பது. நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். அட்வான்ஸும் அப்படித்தான். கல்யாணத்துக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் முன்பணம் கொடுப்பது நல்ல காரியம். அதை எழுதி வைத்து, மாதம் இவ்வளவு என்று பிடியுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. "அட்வான்ஸ் கழியாம எப்படிப் போவான்?" என்று ஆளைப் பிடித்து வைத்தால், அது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விழும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டுமான சட்டம் அல்ல அது.

சம்பளம்: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்

கடை வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். மூன்று வருடத்துக்கு முன் சரியாக இருந்த சம்பளம் இன்று குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருக்கலாம். அந்த டீ கொண்டுவந்த பெரியவரின் ஏழாயிரம் முழுநேர வேலைக்கு என்றால், முதல் கேள்வி அங்கேதான் எழும். ஏப்ரல் முதல் வாரம் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்.

அடுத்தது, சம்பளத்தைப் பிரிக்கும் வித்தை. பி.எஃப். குறைவாகக் கட்டுவதற்காக அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மற்றதைப் படிகளாகக் காட்டுவது வெகுநாள் வழக்கம். புதிய ஊதிய விளக்கம் அந்த வழியை அடைத்துவிட்டது. மொத்தம் ரூ.20,000, அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ரூ.6,000, வீட்டு வாடகை, பயணம் முதலிய படிகள் ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். படிகள் பாதியை, அதாவது ரூ.10,000ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய ரூ.4,000 திரும்பவும் ஊதியத்தில் சேரும். ஆக, கணக்குக்கான ஊதியம் ரூ.10,000. பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் இதன்மீதுதான்.

ஆளுக்குச் சொல்லும் சம்பளத்துக்கும் உங்களுக்கு ஆகும் செலவுக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிடுவது நல்லது. 20 பேருக்கு மேல் உள்ள கடை, ஒருவருக்கு எந்தப் படியும் இல்லாமல் மாதம் ரூ.14,000 என்று வைப்போம்.

அவரிடம் பிடிப்பது: பி.எஃப். 12%, ரூ.1,680. இ.எஸ்.ஐ. 0.75%, ரூ.105. கையில் போவது ரூ.12,215.

நீங்கள் போடுவது: பி.எஃப். 12%, ரூ.1,680. அதோடு வைப்புநிதிக் காப்பீடு அரை சதவீதம் ரூ.70, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் ரூ.70. இ.எஸ்.ஐ. 3.25%, ரூ.455. ஆக மாதச் செலவு ரூ.16,275.

இதில் போனஸும் பணிக்கொடையும் இன்னும் சேரவில்லை. போனஸ் குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. தீபாவளிக்குக் கொடுக்கும் வேட்டி, புடவை, ஸ்வீட் பாக்ஸ் எதுவும் போனஸ் கணக்கில் வராது. பணமாக, போனஸ் என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் கணக்கு.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். வங்கியில் போடுங்கள். ஜி பே, போன் பே என்றாலும் கடைக் கணக்கிலிருந்து போகட்டும். உங்கள் சொந்த நம்பரிலிருந்து பாதி, மனைவியின் நம்பரிலிருந்து பாதி என்று அனுப்பினால் பிறகு நிரூபிக்க நீங்கள்தான் திணறுவீர்கள். சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஒரு தடயம் மிஞ்சும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஒரு ஏணி

இ.எஸ்.ஐ. மாதம் ரூ.21,000 வரை வாங்குபவர்களுக்கு. பி.எஃப்.பில் ரூ.15,000க்கு மேல் ஊதியத்தோடு புதிதாகச் சேர்பவர், முன்பு உறுப்பினராக இல்லாதவர் என்றால், விலக்குக் கேட்கலாம். மற்றவர்களுக்குக் கட்டாயம். "எனக்கு பி.எஃப். வேண்டாம் சார், முழுசாக் கையில கொடுத்துடுங்க" என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பின்னால் அவரே புகார் கொடுத்தால், அவர் பங்கையும் சேர்த்து நீங்கள்தான் கட்டுவீர்கள். இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. தாமதமானால் ஆண்டுக்கு 12% வட்டி, பி.எஃப்.பில் அதற்குமேல் தண்டத்தொகையும் உண்டு. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வியாபாரத்தில் புரட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது தாமதம் இல்லை, நம்பிக்கை மோசடி. காவல் நிலையம் வரை போகும்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்தது. கொடவுனில் மேல் தட்டிலிருந்து பெட்டி எடுக்க ஏணி ஏறிய பையன் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சேர்ந்து மூன்று மாதம். "நிலைச்சு நிக்கட்டும், அப்புறம் இ.எஸ்.ஐ.ல சேர்க்கலாம்" என்று முதலாளி விட்டுவைத்திருந்தார். அன்று சாயங்காலம் எனக்கு போன்: "இன்னிக்கே பேரைச் சேர்த்துடுங்க, நேத்துத் தேதி போட முடியுமா?" முடியாது. பதிவு நேரம் கணினியில் நிற்கும். தனியார் மருத்துவமனை பில், அறுவை சிகிச்சை, வேலைக்கு வராத ஐந்து மாதச் சம்பளம் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. முதல் நாளே சேர்த்திருந்தால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆகவே ஆள் சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. எண் எடுத்துவிடுங்கள், "பார்த்துட்டுச் சேர்க்கலாம்" என்ற காலம் அதில் கிடையாது.

ஒன்பதுக்குள் நிற்பவர்களுக்கு நான் சொல்ல இருந்ததும் இதுதான். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலையில் விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் பையிலிருந்து போகும். 1923லிருந்தே அதுதான் சட்டம், புதிய தொகுப்பிலும் மாறவில்லை. சாவோ நிரந்தர ஊனமோ என்றால் பல லட்சம். காப்பீட்டு நிறுவனங்கள் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி விற்கின்றன. ஐந்து பேர் வைத்திருக்கும் பட்டறைக்கும் அதை எடுத்து வையுங்கள்.

நேரம், லீவு, நாற்காலி

நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு. காலை வந்ததிலிருந்து கிளம்பும் வரை, ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு பத்தேகாலுக்குச் சாத்தும் ஜவுளிக் கடையில் ஒரே ஷிஃப்ட் என்றால், இங்கேயே கணக்கு உதைக்கும். இரண்டு ஷிஃப்டாக மாற்றி வருகைப் பதிவை ஒழுங்காக வைப்பதுதான் வழி. இரவு எட்டுக்கு மேல் பெண்கள் வேலை பார்த்தால் அவர்களது எழுத்துபூர்வ சம்மதமும், வீடு போய்ச் சேர வண்டியும் வேண்டும்.

வாரம் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் ஊதிய விடுப்பு. அதோடு ஆண்டுக்கு 12 நாள் மருத்துவ விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு பண்டிகை நாட்கள் ஐந்து. அன்று ஆளைக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. தேர்தல் நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைதான்.

நாற்காலி விஷயம் பலருக்கு இன்னும் காதில் ஏறவில்லை. 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளம் அதற்கு முன்பே, 2018இல் செய்திருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருந்தால்தான் கடைக்கு மரியாதை என்று நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஒரு நாள் அந்தப் புடவைக் கவுண்டருக்குப் பின்னால் பத்து மணி நேரம் நின்று பார்க்கட்டும். ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பதும் நடக்கிறது. இருக்கை என்பது ஆய்வுக்குக் காட்ட அல்ல, உட்காரத்தான்.

பெண்கள் வேலை செய்யும் இடம்

10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்காமல், 2013 சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள். வெளியிலிருந்து இந்தத் துறை தெரிந்த ஒருவர். முதலாளியின் மனைவியையும் தங்கையையும் எழுதி வைத்துவிட்டுக் குழு என்பது, புகார் வந்த அன்றே கலைந்துபோகும். குழு அமைக்காவிட்டால் அபராதம் ரூ.50,000 வரை. 10க்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் போகும். அதன் விவரத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அந்தக் காலப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தரும். இது தெரியாமல், கல்யாணம் ஆன பெண்ணைச் சேர்க்கவே தயங்குகிறார்கள்.

"நாளையிலிருந்து வராதே"

கோபத்தில் சொல்லும் இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பேரைத் தொழிலாளர் அலுவலகப் படியேற வைத்திருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கான சம்பளம். திருட்டு, கைகலப்பு போன்ற ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடந்து நிரூபணமாக வேண்டும்.

விசாரணை என்றதும் பயப்பட வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தது என்று எழுதி மெமோ கொடுங்கள். பதில் எழுத அவகாசம் கொடுங்கள். ஒரு நாள் குறித்து, அவரையும் சாட்சியையும் உட்கார வைத்து, இரு தரப்பும் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு முடிவை எழுத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். சிசிடிவி பதிவு இருந்தால் அன்றே நகல் எடுத்து வையுங்கள். பல இயந்திரங்களில் சில வாரத்தில் அழிந்துவிடும். இதில் எதுவும் இல்லாமல் "கல்லாவுல கை வச்சான், எல்லாருக்கும் தெரியும்" என்று போய் நின்றால், அவர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் ஆடியோதான் பேசும்.

அவரே விலகினாலும் நீங்கள் நீக்கினாலும், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். "மாசக் கடைசியில வா" என்று அலைய விடும் பழக்கத்துக்கு இனி இடமில்லை.

ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குறித்த காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டு போதும். இறந்துவிட்டால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்குங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டது ஓராண்டாகும். ரூ.14,000 வாங்கியவர் 7 வருடம் 7 மாதம் இருந்தால் 8 ஆண்டு. கொடுக்க வேண்டியது ரூ.64,615. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்காத கடைகளில், பழைய ஆள் ஒருவர் ஊருக்குப் போகிறேன் என்றாலே முதலாளி முகம் வாடுகிறது.

சுவரும் காலண்டரும்

ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது சுவரை: வேலை நேரம், வார விடுமுறை, குறைந்தபட்ச ஊதியம், சட்டச் சுருக்கம் எல்லாம் தமிழில் தொங்க வேண்டும். அடுத்து வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு. புதிய ஊதியத் தொகுப்பில் இவருக்கு ஆய்வாளர் மட்டும் இல்லை, வழிகாட்டுநர் என்ற பெயரும் உண்டு. முதல் தவறுக்கு, வழக்குப் போடுமுன் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். அதே தவறு ஐந்து ஆண்டுக்குள் திரும்ப வந்தால் அந்தச் சலுகை இல்லை. அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன குறிப்பைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள்.

கடையில் எப்படியும் ஒரு சிவகாசி காலண்டர் தொங்கும். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டமிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 7, சம்பளம். 15, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும், சர்வர் கடைசி நாளில் படுத்துவிடும், 12ஆம் தேதியே முடித்துவிடுங்கள். ஜனவரி 31, தொழிலாளர் நல நிதி. ஏப்ரல் 1, புதிய அகவிலைப்படி. செப்டம்பர் 30, மார்ச் 31, ஊழியர்களிடம் பிடித்த தொழில் வரியை மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கட்டும் நாட்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டம்: கூடுதல் ஆள் எடுக்கும் முன் தலையை எண்ண.